குசினிக்குப் பின்னால் போகும் தண்ணீர்

அந்த வரைபடத்தை நான் முதலில் பார்த்தது என் கணவரின் கைத்தொலைபேசியில். ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்தவர், விரலெல்லாம் நீல மையோடு, பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளையைப் போல வாசலில் நின்றார்.

“ஊருக்குள்ள தண்ணி நிக்கிற இடமெல்லாம் குறிச்சுக் குடுத்தாச்சு. இனி வடிகான் எல்லாம் வரும்” என்றார்.

மாறிவரும் காலநிலைக்கு ஏற்ப, வயல் பக்கத்தையும் கடல் பக்கத்தையும் சேர்த்து ஒரே திட்டமாகப் போடப் போகிறார்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். கல்முனைப் பக்கத்தில் மாரி முன்போல வருவதில்லை. பிந்தி வருகிறது, வந்தால் நின்று நிதானித்துப் பெய்யாமல் ஒரேயடியாகக் கொட்டுகிறது. தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று அந்தந்த இடத்து ஆட்களே வரைந்து கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் எந்த வழியை முதலில் திறப்பது என்று தீர்மானிப்பார்கள். அதற்காக ஆண்கள் ஜும்ஆ முடிந்து மண்டபத்தில் கூடியிருந்தார்கள்.

நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் இருக்கும் தெரு, எங்கள் ஒழுங்கை, வெறும் வெள்ளைத் தாளாகக் கிடந்தது. ஒரு சொட்டு நீலம் இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு படத்தை வடக்கே தள்ளினேன். ஏழு ஒழுங்கைக்கு அப்பால், மாமியின் வீட்டடி கருநீலமாக இருந்தது. கிணற்றையும் முருங்கை மரத்தையும்கூட வரைந்திருந்தார்.

“இது உங்கட உம்மாட ஒழுங்கையெல்லோ?”

“ஓம். அங்க சரியான தண்ணி. சின்ன வயசில வாழத்தண்டு கட்டி ஓடின நாங்க.”

“அப்ப நம்மட ஒழுங்கை?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நம்மட ஒழுங்கைக்குள்ள தண்ணி வாறயா?”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வரும்போது ஒரு பெட்டியில் உடுப்புக் கொண்டு வருவார், பிறந்த இடத்தைக் கொண்டுவர முடியாது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிடமும் ‘உங்கட இடத்தில தண்ணி எங்க நிக்கும்?’ என்று கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் தங்கள் உம்மாவின் வீட்டடியை வரைந்திருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர் மாப்பிள்ளைகளின் பிள்ளைப்பருவம் முழுவதும் அந்தத் தாளில் நீலமாக நின்றது.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த மாரியில் அவர் கத்தாரில் இருந்தார். அப்போது என் மகள் பிறந்து நாற்பது நாள் கழியவில்லை. விடியற்காலையில் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் நனைந்தது. பிள்ளையைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையின் நடுவில் கிடத்தி, அவள் உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு உம்மா வரும்வரை நின்றேன். நாற்பது நாள் பிள்ளை உருளாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் தொலைபேசியில் கேட்டபோது “கொஞ்சம் மழைதான், பயப்படாதீங்க” என்று சொன்னவள் நான். அவர் அதை நம்பினார். அந்த வெள்ளைத் தாளில் என் பங்கும் இருந்தது.

சொல்லிவிடலாம், ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை. எங்கள் மாதர் சங்கத்தின் செயலாளர் நான்தான். திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் இலக்கம் என்னிடம் இருந்தது. இருந்தும் மூன்று நாள் நான் அழைக்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் குசினி, நாங்கள் சமைக்கும் அறை.

வயல் பக்கமிருந்து வரும் தண்ணீர் எங்கள் வீட்டு வரிசையின் பின்னால் ஒரு வாய்க்காலில் ஓடி, தெற்கே தோணாவில் சேர்ந்து கடலுக்குப் போகும். கடலோரத்துச் சிறு கழிமுகத்தை நாங்கள் தோணா என்போம். எனக்குக் கலியாணம் பேசியபோது அந்த வாய்க்கால் வறண்டு, குப்பை நிறைந்து கிடந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு நல்ல குசினி வேண்டும் என்று வாப்பா உழவு இயந்திரப் பெட்டியில் கிறவல் மண் ஏற்றிவந்து அதை மூடி, மேலே குசினியைக் கட்டினார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஒவ்வொரு கலியாணத்துக்கும் எங்கள் ஊரில் ஒரு வளவு, வீடிருக்கும் நிலம், உயரும். தண்ணீர் அடுத்த வளவைத் தேடிப் போகும்.

அந்த மாரியில் வாய்க்கால் மறுபடி உயிர்த்தது. வந்த தண்ணீர் குசினியில் முட்டியது. பாதி இரண்டு பக்கமும் சுற்றி எங்கள் பழைய அறைகளுக்குள் வந்தது. மீதி பின்வளவில் இருக்கும், எனக்கு அக்கா முறையான ராத்தாவின் வீட்டுக்குள் ஏறி, எங்கள் வீடு காய்ந்த பிறகும் அங்கேயே நின்றது. அவவின் கிணறு பழுதாகி, பல நாள் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினா. ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கையை வரைபடத்தில் சேர்த்தால் வாய்க்காலையும் சேர்க்க வேண்டும். வாய்க்காலைச் சேர்த்தால் வாப்பா செய்ததையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அடுத்த மாரியிலும் தண்ணீர் வரும், இப்போது மகள் நடக்கிறாள், எங்கே விழுவாளோ. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இந்த விசயத்தை முப்பது தரம் இழுத்துப் பார்த்தேன்.

நாலாம் நாள் அழைத்தேன். வாய்க்காலைப் பற்றிச் சொல்லவில்லை, மாப்பிள்ளைமாரைப் பற்றி மட்டும் சொன்னேன். உத்தியோகத்தர் தம்பிலுவில் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும், என்னைவிட இளைய பெண். நான் முடிக்கும் முன்பே மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கட ஊரிலயும் மாப்பிள்ளைமார் பொம்பிள வீட்டுக்குத்தான் வாறது. எனக்கே விளங்கியிருக்க வேணும். சரி, பொம்பிளையளைக் கூப்பிடுங்க. திரும்ப வரைவம்.”

இன்றுவரை அந்தப் பெண்ணுக்காக நான் துஆ செய்வதற்கு அது முதல் காரணம். முடிந்த வேலையை முடிந்தது என்று வைத்துக்கொண்டு போயிருக்கலாம். அவ அடுத்த செவ்வாய்க்கிழமையே பெரிய தாளோடு வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டா.

ஒழுங்கைப் பெண்கள் பதினைந்து பேர் அளவில் வந்திருந்தார்கள். முதலில் ஆண்கள் வரைந்ததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அதோடு வீடு கலகலத்துப் போனது.

“என்ட மனிசன் எங்க குறிச்சிருக்காரு பாருங்ககா. சாய்ந்தமருதுல, அவர்ட உம்மாட ஊட்டடியில!”

“அவர் இன்னும் அங்கதான் இரிக்காரு போல. சோறு திங்க மட்டும் இஞ்ச வாற.”

“என்ட ஆளு கடலுக்குள்ள குறிச்சு வெச்சிருக்காரே.”

“கடல்ல தண்ணி நிக்கும்தானே புள்ள. அவர் சொன்னதுல பிழையில்ல.”

உத்தியோகத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பிறகு நீலப் பென்சிலைப் பின்வளவு ராத்தாவின் கையில் கொடுத்து, “எங்கால வருது, எங்கால போகுது, நீங்க பிறந்ததில இருந்து கண்டதைக் கீறுங்க” என்றா.

ராத்தா தயங்கவேயில்லை. வயலிலிருந்து தொடங்கினா. “இதால வாற. மறுகா பாலர் பாடசாலைக்குப் பின்னால வாற. இந்த வேப்ப மரத்தடியில திரும்புற.” மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள், இடையிடையே திருத்தினார்கள். கோடு வளைந்து வளைந்து தெற்கே வந்து எங்கள் வளவின் ஓரத்தைத் தொட்டது.

அந்த நேரம் பார்த்து உம்மா தேத்தண்ணித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தா. குசினியிலிருந்துதான் வந்தா.

பதினைந்து பெண்களும் தேத்தண்ணித் தட்டையே பார்த்தார்கள். ராத்தா உம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தா. பிறகு குனிந்து, பென்சிலை எங்கள் வளவுக்கு வெளியே திருப்பி, இரண்டு வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய், வாய்க்காலை எங்கள் அயலவர் மதிலடியில் இறக்கினா. மிகவும் கவனமாக, எங்கள் குசினியில் நீலம் படாமல்.

“சரிதானேகா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டா.

“ஓம், சரி” என்றார்கள் எல்லாரும்.

நானும் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. நானும் ‘ஓம், சரி’ என்றுதான் சொன்னேன். தன் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற பெண், அந்தத் தண்ணீரின் வழியை எங்கள் மானத்துக்காகப் பொய்யாக வரைந்தா. நான் தேத்தண்ணிக் கோப்பையை அவவிடம் நீட்டினேன்.

அடுத்த கூட்டம் மண்டபத்தில். வயல் பக்கத்திலிருந்து நாவிதன்வெளிக் கமக்காரர்களும் தங்கள் தாளோடு வந்திருந்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதற்காக நானும் போயிருந்தேன், மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, ராத்தாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு. எல்லாத் தாள்களையும் தரையில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரித்தார்கள். ஒவ்வொரு பகுதியும் தன் தண்ணீரைத் தனியாகப் பார்த்தால் போதாது, சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும் என்று உத்தியோகத்தர் சொன்னா. வயல்காரரின் கோடுகள் மேற்கிலிருந்து கிழக்கே வந்தன, எங்கள் கோடுகள் அங்கிருந்து தொடங்கின. ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தன.

ஒன்று பொருந்தவில்லை.

அதன் முன்னால் ஒரு கமக்காரர் குந்தியிருந்தார். நடுவயது மனிதர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். தன் தாளின் கோட்டில் விரலை வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர்களுடைய தாளில் வாய்க்கால் எங்கள் வீட்டு வரிசையின் நுனிவரை இருந்தது. விரல் தாளின் ஓரத்தைத் தாண்டி எங்கள் தாளுக்குள் வந்து, வெறுமையில் நின்றது.

“தங்கச்சி, போன தரம் எங்கட பயிர் தண்ணிக்குள்ள நிண்டு அழுகிப் போச்சு. வடியவே இல்ல. இந்தத் தண்ணி நேர இதிலதான் வந்து விழ வேணும். நான் சின்னனில இதால நடந்து தோணாவுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கன். இதுக்குப் பிறகு எங்க போகுது?”

யாரிடம் என்று இல்லாமல் கேட்டார். ஆனால் அவருக்கு நேர் எதிரே நான்தான் நின்றேன். ராத்தா என் பக்கத்தில் இருந்தா. அவவின் கை என் அபாயாவின் ஓரத்தைப் பிடித்தது. ‘பேசாம இரி’ என்ற பிடி அது.

“எங்கட குசினிக்குள்ள” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். நான் குனிந்து, குறிப்பு எழுதும் என் பேனையாலேயே, ராத்தாவின் வளைந்த கோட்டை விட்டுவிட்டு நேர்கோடு ஒன்றைக் கீறினேன். அது கமக்காரரின் விரலிலிருந்து தொடங்கி எங்கள் குசினியை வெட்டிக்கொண்டு தோணாவுக்குப் போனது. என் பேனை கறுப்பு மை. நீலத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் கறுப்பு. அதற்காகவும் கவலைப்பட்டேன்.

கமக்காரர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. “நன்றி தங்கச்சி” என்றார். அவ்வளவுதான். ஆனால் சொல்லும்போது எழுந்து நின்று சொன்னார்.

நான் வீடு வருவதற்கு முன் செய்தி வந்துவிட்டது. உம்மாவும் வாப்பாவும் எங்கள் வளவிலேயே முன்பக்கத்து இரண்டு அறையில் இருக்கிறார்கள். வாப்பா கதிரையை மதிலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். சலாம் சொன்னேன். பதில் சலாம் மட்டும் வந்தது. இரண்டு நாள் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பேத்தியோடு மட்டும் கதைத்தார், எனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க.

“உங்கட உம்மா படிச்ச ஆள். நமக்கு ஒண்டும் தெரியாது என்ன மகள்?”

என் கணவர்தான் மூன்றாம் நாள் மௌனத்தை உடைத்தார். “மாமா, எனக்கு முழு ஊடு தந்தீங்க. இப்ப உங்கட மகள் பாதியத் திருப்பிக் குடுக்கிறா. நான் எங்கட உம்மாட்டயே போறன். அங்க தண்ணி வந்தாலும் தெப்பமாவது கட்டலாம்.”

உம்மா சிரித்துவிட்டா. வாப்பா சிரிக்கவில்லை, ஆனால் கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“நான் மூடக்குள்ள அதுல தண்ணி வரல்ல. குப்பைதான் வந்திச்சு. நான் யாருக்கும் அநியாயம் செய்யல்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “என்ட மூஞ்சிய என்னத்துக்குப் பாக்கிறாய்? வளவு உன்ட. உறுதி உன்ட பேர்ல இரிக்கி. எடுத்துப் பாரு” என்றார்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னதைச் செய்கிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அலுமாரியைத் திறந்து உறுதியை, வளவின் பத்திரத்தை, எடுத்து வந்தேன். கலியாணத்துக்கு முன் ஒப்பமிட்டபோது அதை நான் சரியாக வாசிக்கவில்லை. எந்தப் பெண் வாசிப்பாள்? எல்லைகள் எழுதியிருந்த இடத்துக்கு வந்தேன். வடக்கே இன்னாரின் வளவு. கிழக்கே ஒழுங்கை. தெற்கே இன்னாரின் வளவு. அடுத்த வரியில் நின்றுவிட்டேன்.

“சத்தமா வாசி” என்றார் வாப்பா.

“மேற்கே வாய்க்கால்.”

உம்மாவின் உம்மா காலத்து உறுதியிலிருந்து அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். வாய்க்காலை மூடிய பிறகும் உறுதியில் அது ஓடிக்கொண்டிருந்தது. குசினியின் பின்பாதி நின்ற நிலம் எங்களுடையதே இல்லை. இத்தனை நாளும் ஊரின் ஹக்கின் மேல், எல்லாருக்கும் பொதுவான உரிமையின் மேல், அடுப்பு வைத்துச் சமைத்தோமா என்று நினைத்தேன். வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ. மெதுவாகத் தனியாகச் சொல்லியிருக்கலாமோ. அவர் எனக்காகத்தானே செய்தார்.

“வாசிக்கத் தெரிஞ்ச புள்ளயப் பெத்தா இப்பிடித்தான்” என்றா உம்மா, யாருக்கென்றும் இல்லாமல்.

வாப்பா எழுந்து மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டார்.

குசினியின் பின்பாதியை உடைத்து வாய்க்காலைத் திறப்பதற்கான சம்மதக் கடிதத்தில் நான் ஒப்பமிட்டேன். வேலை தொடங்கும் நாள் காலையில் ஆட்களும் இயந்திரமும் வந்தபோது, வாப்பா ஏற்கெனவே பின்வளவில் நின்றார். கையில் மண்வெட்டி. கிறவல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஈர்க்கிலை ஒடித்து ஒடித்து நிலத்தில் குத்திக்கொண்டு போனார்.

“இஞ்ச இருந்து இந்த மட்டும். இதுக்கு அங்கால போகாதீங்க, அத்திவாரம் ஆடும். என்ட பேத்தி படுக்கிற அறை அது.”

பின்பாதிச் சுவரை உடைத்தார்கள். நல்ல கல்லையெல்லாம் உம்மா எடுத்து ஒரு பக்கம் அடுக்கினா. கிறவலைத் தோண்டத் தோண்ட, உச்சி வெயில் நேரத்தில் அதன் கீழே கறுத்த பழைய வண்டல் தெரிந்தது. வாப்பா அதை ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். பிறகு ராத்தாவின் வீட்டுப் பக்கம் திரும்பி, “மகள், போன மாரியோட கிணறு பழுதாப் போச்செண்டு கேள்விப்பட்டன். நம்மட ஆக்களக் கொண்டு கிணத்த இறைச்சுத் தாறன்” என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. மதிலுக்கு அப்பால் நின்ற ராத்தா, “ஓம் மாமா, உங்களுக்குத் தேத்தண்ணி போடட்டா?” என்று கேட்டா. இரண்டு பேரும் ஒன்றையே பேசினார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எங்களோடு நிற்கவில்லை அந்த வேலை. எங்களுக்குக் கீழே இருந்த மூன்று வளவுக்காரர்கள், தாங்கள் பாதி மூடியதைத் தாங்களே திறந்தார்கள். தோணாவின் வாயை அடைக்கும் மணலை எப்போது வெட்டுவது என்று மழைக்கு முன்பே கடல்காரரும் வயல்காரரும் சேர்ந்திருந்து பேசினார்கள். நான் குறிப்பு எழுதினேன். பிறகு வந்த வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் பெண்களையும் கூப்பிட்டார்கள். இதையெல்லாம் நான் செய்ததாகச் சொல்ல மாட்டேன். நான் ஒரு கோடு கீறினேன், அதையும் பயந்து பயந்துதான்.

அந்த வருட மாரியும் ஒரேயடியாகக் கொட்டியது. இரண்டாம் நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தபோது, கட்டிலிலிருந்து காலை இறக்கப் பயந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு இறக்கினேன். நிலம் காய்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். இப்போது அது சின்னக் குசினி, இரண்டு பேர் நின்றால் இடிபடும். யன்னலுக்கு வெளியே கலங்கல் தண்ணீர் வைக்கோலையும் நுரையையும் இழுத்துக்கொண்டு, நாவிதன்வெளி வயல்களிலிருந்து தோணாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போனது.

அக்கரையில் ராத்தா குடையோடு தன் வாசலில் நின்றா. அவவின் வாசலும் காய்ந்திருந்தது.

“தண்ணி போகுது புள்ள!” என்று கத்தினா.

“ஓம் ராத்தா, போகுது!”

நெடுநாள் மனதில் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன். “அண்டைக்கு ஏன் ராத்தா கோட்ட வளைச்சீங்க?”

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. “உங்கட உம்மா தேத்தண்ணியோட வந்து நிண்டா. அவட மூஞ்சியப் பாத்து எப்பிடிகா நேராக் கீறுற?” என்றா. சொல்லிவிட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன், கண்ணும் கலங்கியது.

உத்தியோகத்தருக்குச் செய்தி அனுப்பினேன். எழுத்துப்பிழை இருக்குமோ என்று மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் அனுப்பினேன். வயலும் வடிகிறதாம் என்று பதில் வந்தது.

என் மகளுக்குக் கலியாணம் வரும்போது இந்த வீட்டை அவள் பேருக்கு எழுத வேண்டும். எனக்குத் தந்ததைவிடச் சின்னதாகத்தான் கொடுக்கப் போகிறேன். அவள் என்ன நினைப்பாளோ என்று சில நாட்களில் யோசிக்கிறேன், யோசிக்காமல் எனக்கு இருக்க வராது. அப்போது போய் அந்த உறுதியை எடுத்து, எல்லைகளை ஒருமுறை வாசிப்பேன். மேற்கே வாய்க்கால். பிறகு யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, தாளை மடித்து வைப்பேன்.